அளக்காத ஐம்பத்தெட்டு

டோக்கன் பதினேழு. கைக்குள் சுருட்டி வைத்திருந்ததில் சீட்டு வியர்த்து மெத்தென்று ஆகியிருந்தது. மனோரஞ்சிதம் அதை விரித்துப் பார்த்தாள், பதினேழு பதினேழாகத்தான் இருந்தது, மறுபடி சுருட்டிக்கொண்டாள், நாலு நிமிஷம் கழித்து மறுபடி விரித்தாள். ஒரு எண்ணை நம்பி எட்டு மாதம் ஏமாந்தவளுக்கு எல்லா எண்ணையும் ஒருமுறை சரிபார்க்கத் தோன்றாதா பின்னே. சுவரில் சிவப்பு எழுத்தில் ஒன்பது நின்றுகொண்டிருந்தது. அந்த ஒன்பதாம் நம்பர்காரர் உள்ளே போய் எவ்வளவு நேரம் ஆகிறது, ரத்தம் எடுக்கிறார்களா, இல்லை ரத்தம் ஊறுகிற வரைக்கும் உட்கார வைத்திருக்கிறார்களா. நேற்று ஏழரைக்குச் சாப்பிட்ட இரண்டு சப்பாத்தியோடு சரி, அதற்குப் பிறகு வெறும் தண்ணீர். பன்னிரண்டு மணி நேரம் முடிய இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்று பக்கத்தில் சந்தானகோபால் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அவள் கணவர். பொன்மலை ரயில்வே பணிமனையில் முப்பத்தாறு வருஷம் இரும்புச் சத்தத்துக்கு நடுவே வேலை பார்த்தவர், அதனால் ரகசியம் சொன்னால்கூட மூன்று வரிசைக்குக் கேட்கும். "எங்களுக்கு சுகர் பதினாலு வருஷமா இருக்கு," என்றார், அடுத்த நாற்காலியில் மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்த பெரியவரிடம். "ரெண்டு வருஷம் முன்னாடி அட்டாக் வந்து ஒரு ஸ்டென்ட் வச்சிருக்கோம்." பெரியவர் இவரை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "பாத்தா தெரியவே இல்லையே சார், கல்லு மாதிரி இருக்கீங்க," என்றார். "எனக்கில்ல சார், இவளுக்கு." பெரியவர் எட்டி அவளைப் பார்த்தார். அவள் சிரித்து வைத்தாள். வேறென்ன செய்வது. நாற்பத்தொரு வருஷமாக இப்படித்தான், எங்களுக்குத் தலைவலி, எங்களுக்குக் கத்திரிக்காய் ஒத்துக்காது, எங்களுக்குப் பல் எடுத்தாச்சு. பிரசவத்தை மட்டும்தான் பெரிய மனசு பண்ணி அவளுக்கே விட்டுக்கொடுத்தார்.

ஐம்பத்தெட்டு. அந்த எண் வந்த நாளில் வீட்டில் ஒரு கல்யாணக் களை இருந்தது. கெட்ட கொழுப்பு ஐம்பத்தெட்டு என்று செல்போனில் அறிக்கை வந்ததும் இவர் பஹ்ரைனில் இருக்கும் மகனுக்குச் சொன்னார், கோயமுத்தூரில் இருக்கும் மகளுக்குச் சொன்னார், பிறகு பால் பாக்கெட் போட வந்தவரிடம் சொன்னார், அவர் என்ன நினைத்தாரோ, இனிமேல் பால் குறைத்துப் போடணுமா என்று கேட்டார். அவர்கள் குடியிருக்கிற அடுக்குமாடியின் பி பிளாக்கில் இரண்டு நாள் அவளை ஐம்பத்தெட்டாகத்தான் பார்த்தார்கள். லிஃப்டில் ஒரு அம்மாள், "உங்களுக்கு ஐம்பத்தெட்டாமே, எனக்கு நூத்திப்பத்து," என்று பொறாமையோடு சொன்னாள். மனோரஞ்சிதத்துக்கும் பெருமை இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடத்தில்கூடக் கணக்கில் பாஸ் ஆனபோது இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அவளுக்கு எண்கள் எப்போதும் ஆட்களாகத்தான் தெரியும், அது தொழில் தோஷம். டெலிபோன் ஆபரேட்டர். வேலையில் சேர்ந்தபோது ஒரு சின்ன ஊர் எக்ஸ்சேஞ்சில் மொத்தமே தொண்ணூறு சொச்சம் இணைப்பு, ஒவ்வொன்றையும் கையால் சொருகித்தான் கொடுக்க வேண்டும். பன்னிரண்டு என்றால் ரைஸ் மில், முப்பத்தொன்று என்றால் எப்போதும் தூக்கத்தில் பேசுகிற தாசில்தார், ஐம்பத்தெட்டு என்றால் மர டிப்போக்காரர், சீக்கிரம் போடும்மா சீக்கிரம் போடும்மா என்று கழுத்தில் கத்தி வைத்த மாதிரி கத்துவார், இணைப்புக் கொடுத்தால் எதிர்முனையிடம், "சும்மாதான் கூப்பிட்டேன், வேற ஒண்ணுமில்ல," என்பார். அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஐம்பத்தெட்டு நம்பகமான எண் இல்லை.

அதைக் கண்டுபிடித்தவள் டாக்டர் ஃபர்ஹானா. பழைய டாக்டர் சென்னைக்கு மாறிப் போனதும் இவளிடம் வந்தார்கள். சின்ன வயசுதான், முப்பத்தைந்து இருக்கும், மகளைவிட நாலு வயசு குறைவு, ஆனால் ரிப்போர்ட்டைப் பார்க்கிற பார்வை பத்திர ஆபீஸில் வில்லங்கம் பார்க்கிற மாதிரி. சந்தானகோபால் பழைய அறிக்கையை மேஜையில் வைத்து, "ஐம்பத்தெட்டு மேடம்," என்று தட்டு வைக்கிறவர்போல நீட்டினார். அவள் பார்த்தாள். பேனா முனையை வேறொரு வரிக்குக் கொண்டுபோனாள். "இது அளந்தது இல்ல சார். கணக்குப் போட்டது," என்றாள். என்ன கணக்கு என்று இவர் கேட்க, அவள் பின்பக்கத்தில் எழுதியே காட்டினாள். மொத்தக் கொழுப்பு நூற்று எழுபத்தெட்டு, அதை அளந்திருக்கிறார்கள். நல்ல கொழுப்பு நாற்பத்திரண்டு, அதையும் அளந்திருக்கிறார்கள். டிரைகிளிசரைடு முந்நூற்றுத் தொண்ணூறு, அதுவும் அளந்ததுதான், அதை ஐந்தால் வகுத்தால் எழுபத்தெட்டு. நூற்று எழுபத்தெட்டில் நாற்பத்திரண்டும் எழுபத்தெட்டும் போனால் மிச்சம் ஐம்பத்தெட்டு. "நிறையப் பேருக்கு இந்தக் கணக்கு சரியா வரும். உங்களுக்கு சுகர் இருக்கு, டிரைகிளிசரைடு ஏறிக் கிடக்கு. இந்த மாதிரி இருக்கிறவங்களுக்குக் கெட்ட கொழுப்பை இது குறைச்சுக் காட்டும். நானூறைத் தாண்டினா லேபே இந்தக் கணக்கைப் போட மாட்டாங்க, நீங்க முந்நூத்தித் தொண்ணூறுல நின்னுட்டீங்க. ஸ்டென்ட் வச்சவங்களுக்கு ஐம்பத்தஞ்சுக்குக் கீழ இருக்கணும். உத்தேசமா ஐம்பத்தெட்டுன்னா நிஜத்துல எழுபதோ எண்பதோ, யாருக்குத் தெரியும்? நேரா அளந்துடலாம்." மிச்சம். அந்த வார்த்தைதான் மனோரஞ்சிதத்துக்குச் சுருக்கென்றது. எட்டு மாதம் மார்பு நிமிர்த்தி நடந்தது ஒரு மிச்சத்தை வைத்துக்கொண்டா. யாரும் எட்டிப் பார்க்காத ஒரு அறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று வாசலில் கிடக்கிற செருப்பை வைத்துச் சொன்ன மாதிரி. டாக்டர் சீட்டில் இன்னொன்றும் எழுதினாள், அப்போ-பி. "அப்போ பின்னா? இப்போ என்ன?" என்று சந்தானகோபால் உண்மையாகவே கேட்டார். கொழுப்பு எவ்வளவு என்று பார்ப்பதில்லை, அதைச் சுமந்துகொண்டு ரத்தத்தில் ஓடுகிற வண்டிகள் எத்தனை என்று எண்ணுவது, என்று அவள் சொன்னாளோ இல்லையோ, இவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது பார்க்கணுமே. வண்டி! அன்றிலிருந்து பதினோரு நாளாக அதேதான்.

இப்போதும் அதேதான். "கூட்ஸ் ரயில்ல எத்தனை டன் நிலக்கரின்னு கேக்காதீங்க சார், எத்தனை வேகன்னு எண்ணுங்க. தண்டவாளத்தைத் தேய்க்கிறது வேகன்தான்." பெரியவர் ஃபைலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்படிங்களா," என்றார். பத்து. ஒருவழியாகப் பத்து வந்தது. பசி வயிற்றில் இல்லை, காதுக்குப் பின்னால் இருந்தது, ஒரு ரீங்காரம்போல. எதிர்ச்சுவரில் இதயத்தைக் குறுக்கே வெட்டிக் காட்டுகிற படம், குழாய்க்குள் கொழுப்பு மஞ்சள் மஞ்சளாகப் படிந்திருக்கிறது, வரைந்தவன் கை நல்ல கை, பார்க்கப் பார்க்க மைசூர்பாகு ஓரத்தில் உதிர்ந்து கிடக்கிற மாதிரியே இருக்கிறது, கிள்ளி எடுத்தால் நெய் ஒட்டும். சீ. இதைப் பார்த்து நாக்கில் நீர் ஊறுகிறவள் உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். கண்ணை அந்தப் பக்கம் திருப்பினால் வரவேற்பு மேஜைப் பெண் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள், பாவம் இல்லையா, பதினாறு பட்டினிக்காரர்களுக்கு முன்னால் பிஸ்கட் தின்பது. அட்டாக் வந்த அன்றும் சாப்பாட்டுப் பந்தியில்தான் இருந்தாள். ஒரு கல்யாணம், மத்தியானம், இரண்டாம் பந்தி. இலையில் பால் பாயசம் விழுந்த நேரம் தாடை வலித்தது. நெஞ்சு இல்லை, தாடை. பல் என்று நினைத்தாள். பிறகு முதுகு. முதுகில் பல் இல்லையே என்று நினைத்தாள். பக்கத்தில் இவர் யாரோ ஒருவரிடம் பணிமனையில் கிரேன் அறுந்து விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், கிரேன் இன்னும் மேலேதான் தொங்கிக்கொண்டிருந்தது, அது விழட்டும், பிறகு சொல்லலாம் என்று காத்திருந்தாள். வேர்த்து ரவிக்கை ஒட்டிப்போயிற்று. கிரேன் விழவில்லை. இவர் கதையில் கிரேன் விழ இருபது நிமிஷம் ஆகும், அவளுக்குத் தெரியும். கடைசியில் பாயசம் ஊற்ற வந்த அம்மாள்தான் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்துக் கத்தினாள். சுகர்காரர்களுக்கு இப்படித்தான் வலி இடம் மாறி வரும் என்று பிறகு சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது இவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார், வாயைத் திறந்தார், ஒன்றும் வரவில்லை. அவர் வாயிலிருந்து ஒன்றும் வராமல் அவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான். ஸ்டென்டைவிட அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

பதினொன்று. பதினொன்றாவது ஆள் ஒரு இளம்பெண், விறுவிறு என்று போனாள், கால் வலிக்காதவள். கால். அதை நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து மனசை வேறு வேறு பக்கம் மேய விட்டுக்கொண்டிருந்தாள், அது சுற்றிச் சுற்றி அந்தக் கொட்டிலுக்கே வந்து நிற்கிறது. கொழுப்பு மாத்திரை. தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு இவர் உள்ளங்கையில் வைத்து நீட்டுவார், டம்ளரில் தண்ணீரோடு, விழுங்குகிற வரைக்கும் நின்று பார்ப்பார். ஒன்றரை வருஷம் ஒழுங்காகத்தான் விழுங்கினாள். ஐம்பத்தெட்டு வந்த பிறகுதான் அந்த யோசனை வந்தது. அதுதான் பாஸ் ஆகிவிட்டோமே. மாத்திரை ஆரம்பித்த நாளிலிருந்து தொடையில் ஒரு வலி, வலி என்றுகூடச் சொல்ல முடியாது, ஈரத்துணியை யாரோ உள்ளே போட்டு முறுக்குகிற மாதிரி, படி இறங்கும்போது அதிகம். மாத்திரையால்தான் என்று யாரும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, அவள் கேட்டால்தானே சொல்வார்கள். முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு வெள்ளிக்கிழமை மட்டும், சாமி கும்பிடுகிற மாதிரி. பிறகு வெள்ளிக்கிழமையும் இல்லை. நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு, தண்ணீரைக் குடித்து, ஆ என்று வாயைக் காட்டி, பால்கனிக்குத் துணி எடுக்கப் போகிற சாக்கில் கறிவேப்பிலைத் தொட்டியில் துப்பி, விரலால் மண்ணைத் தள்ளி மூடி. ஏழு மாதம். அந்தச் செடி போல ஒரு செடி பி பிளாக்கிலேயே கிடையாது, அப்படித் தழைத்துக் கிடக்கிறது, உடம்பில் ஒரு துளி கொழுப்பு இருக்காது அதற்கு. இவர் வேறு பெருமையாக, "ரஞ்சிதம் கைராசி," என்று கிள்ளிக் கிள்ளி ஊருக்கெல்லாம் கொடுக்கிறார். கால் வலி போயிற்றா என்றால், போயிற்று என்றுதான் நினைத்தாள், போன மாசம் மழையில் கொஞ்சம் இருந்தது, அப்போது மாத்திரையா மழையா. அதுவும் தெரியாது. எதுவுமே தெரியாது. நேரா அளந்துடலாம் என்று டாக்டர் ஃபர்ஹானா சொன்னதும் அவள் செய்த முதல் காரியம் வீட்டுக்கு வந்து மாத்திரையை நிஜமாகவே விழுங்கியதுதான். பத்து நாள் தொடர்ந்து. கடைசி மூன்று நாள் இவருக்குத் தெரியாமல் அட்டையிலிருந்து இன்னொன்றும் எடுத்து இரண்டு இரண்டாக. விருந்தாளி வருகிறார்கள் என்றால் வீட்டைப் பெருக்க மாட்டோமா, அதுபோல.

பெருக்கினால் என்ன தப்பு. எண் நன்றாக வந்தால் எல்லாருக்கும் சந்தோஷம். டாக்டருக்குச் சந்தோஷம், இவர் பஹ்ரைனுக்குப் போன் போடுவார், அவள் மறுபடி, மறுபடி என்ன, தொட்டிக்குத்தான். அந்த இடத்தில் மனசு சிக்கிக்கொண்டது, இழுத்தாலும் வரவில்லை. இந்தத் தடவை அளப்பார்கள், கணக்கு இல்லை, உத்தேசம் இல்லை, நேராக அளப்பார்கள், துல்லியமாக. ஆனால் எதை. பத்து நாள் நாடகத்தை. மெஷின் பொய் சொல்லாது, சரி, அவள் சொல்லுகிற பொய்யை அது அட்சரம் பிசகாமல் அளந்து கொடுக்கும். தண்ணீர் குடிக்கலாம், தண்ணீருக்குத் தடையில்லை, ஒரு வாய் குடித்தாள். அந்தச் சின்ன ஊர் எக்ஸ்சேஞ்சில் வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்ஷன் வரும். மெட்ராஸ் லைன் எப்போதும் இரைச்சல்தான், பாதி நாள் கேட்காது. இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு மட்டும் மேற்பார்வையாளர் மற்ற லைனையெல்லாம் பிடுங்கிவிட்டு அந்த ஒன்றை மட்டும் உயிரோடு வைப்பார், அதிகாரி காதில் வைத்தால் மணி மாதிரி கேட்கும், சபாஷ் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். எல்லாம் சரி என்று எழுதிய இடத்துக்கு யார் ஆள் அனுப்பி ரிப்பேர் பார்ப்பார்கள். அதற்கு அடுத்த வாரமா, அதற்கும் அடுத்த வாரமா, பச்சைக் கண்டாங்கி கட்டிய ஒரு பெண் கவுண்டருக்கு வந்தாள், மெட்ராஸில் தம்பிக்கு ஆபரேஷன், பிழைத்தானா என்று கேட்க வேண்டும். மனோரஞ்சிதம் சொருகினாள், எடுத்தாள், சொருகினாள். கடல் இரைச்சல். ஒன்றரை மணி நேரம். அந்தப் பெண் திட்டவே இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து மனோரஞ்சிதத்தின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு பஸ் பிடிக்கப் போய்விட்டாள். தம்பி என்ன ஆனான் என்று இன்றுவரை தெரியாது. சிவப்பு எழுத்து பன்னிரண்டு, பதிமூன்று, கூப்பிட்டும் பதினான்கு வரவில்லை, பதினைந்து. வேகமெடுத்துவிட்டது. இப்போது மட்டும் என்ன அவசரம் இவர்களுக்கு.

"பதினேழு, மனோரஞ்சிதம்!" அவளுக்கு முன்னால் சந்தானகோபால் எழுந்தார். உள்ளே நாற்பது வயசு மதிக்கத்தக்க பெண், சட்டையில் பெனிட்டா என்று பெயர், கை விரல்கள் குளிர்ந்து சுத்தமாக இருந்தன. "பேஷண்ட் யாரு?" என்று கேட்டாள். "நாங்கதான்," என்றார் இவர். பெனிட்டா இரண்டு பேரையும் பார்த்துவிட்டு மனோரஞ்சிதத்தின் கையைப் பிடித்து உட்கார வைத்து ரப்பர் பட்டையைச் சுற்றினாள். கடைசியா எப்ப சாப்பிட்டீங்க. "நேத்து ஏழரைக்கு, ரெண்டு சப்பாத்தி, பருப்பு," என்றார் இவர். காய்ச்சல், சளி ஏதாவது. "ஒண்ணும் கிடையாது." கொழுப்பு மாத்திரை ஒழுங்கா எடுத்துக்கிறீங்களா. "ஒருநாள்கூட விட்டதில்ல மேடம், நானே கையில வச்சுக் குடுக்கறேன், முழுங்கற வரைக்கும் நின்னு பாப்பேன்." எவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறார். எவ்வளவு சந்தோஷமாக. பெனிட்டா முழங்கை மடிப்பில் நரம்பைத் தட்டினாள், பஞ்சு குளிர்ந்தது, ஸ்பிரிட் வாசனை, ஊசி மூடி கழன்ற சின்னச் சத்தம். மனோரஞ்சிதத்தின் வாய் தன்பாட்டுக்குத் திறந்தது. "பத்து நாளாத்தான்," என்றது. பெனிட்டா ஊசியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். "என்னம்மா?" "மாத்திரை. பத்து நாளாத்தான் முழுங்கறேன். அதுக்கு முன்னாடி ஏழு மாசம் முழுங்கல." சந்தானகோபால் சிரித்தார். "என்ன சொல்ற நீ, நான்தான் தினம்..." "துப்பிடுவேன்." "எங்க?" ஏன் என்று கேட்கவில்லை, எங்க என்று கேட்டார். "கறிவேப்பிலைத் தொட்டியில." அவர் முகத்தில் பி பிளாக்கில் கறிவேப்பிலை வாங்கிப் போன வீடுகள் ஒவ்வொன்றாக வந்து போவது தெரிந்தது. "கடைசி மூணு நாள் ரெண்டு ரெண்டா போட்டேன்," என்று மீதியையும் சொல்லி முடித்தாள். சொன்ன பிறகு உடம்பு லேசானது என்று பொய் சொல்லக் கூடாது, காது அடைத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

பெனிட்டா திட்டவில்லை. பட்டையைத் தளர்த்தினாள், "இருங்கம்மா, இதை நான் முடிவு பண்ண முடியாது," என்று டாக்டருக்குப் போன் போட்டு, நடந்ததை இரண்டு வரியில் சொல்லி, போனை மனோரஞ்சிதத்தின் காதில் வைத்தாள். எத்தனையோ பேருக்கு இணைப்புக் கொடுத்த காது, இப்போது அதற்குள் ரத்தம் குதிக்கிற சத்தம்தான் முதலில் கேட்டது. "ஆன்ட்டி, ரெண்டு ரெண்டா போட யார் சொன்னா?" என்றாள் டாக்டர் ஃபர்ஹானா. யாரும் சொல்லல டாக்டர். "ஏன் நிறுத்தினீங்க?" தொடை. தொடை வலிக்குது டாக்டர், முறுக்குது. அந்தப் பக்கம் ஒரு மூச்சு. "இதை முதல்லயே சொல்லியிருந்தா வேற மருந்து மாத்தியிருப்பேனே. ஒண்ணு இல்லாட்டி இன்னொண்ணு இருக்கு. நிறுத்தறதுதான் கூடாது, உங்க ஸ்டென்ட் அடைச்சுக்கிட்டா அது சொல்லிட்டு அடைக்காது." சரி டாக்டர். "இன்னிக்கு ரத்தம் குடுத்துடுங்க, ஆனா பத்து நாள் மாத்திரைன்னு எழுதச் சொல்றேன். தசைக்கும் ஈரலுக்கும் சேர்த்துப் பாக்கட்டும். சாயங்காலம் என்னை வந்து பாருங்க. மருந்தை முடிவு பண்ணி ஆறு வாரம் ஒழுங்கா சாப்பிட்ட பிறகு மறுபடி அளப்போம். அந்த நம்பர்தான் உங்க நம்பர்." ஊசி இறங்கியது, எறும்புக்கடிதான், குப்பியில் ரத்தம் கறுப்பாக ஏறியது, ஒன்று, இரண்டு, மூன்றாவது குப்பி. அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்குள்ளே இருக்கிறது என்னவோ ஒன்று, ஐம்பத்தெட்டும் இல்லை மிச்சமும் இல்லை, இத்தனை நாள் அவளோடேயே படுத்து எழுந்து, எண் இல்லாமல். பெனிட்டா படிவத்தில் எதையோ எழுதிவிட்டுப் பஞ்சை வைத்து மடக்கிக்கொள்ளச் சொன்னாள். சந்தானகோபால் சுவர் ஓரமாக நின்றார். வாய் மூடியிருந்தது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றபோது இருந்த அதே வாய்.

லேபுக்கு இரண்டு கடை தள்ளி ஒரு ஹோட்டல். அவர் முன்னால் போனார், அவள் மடக்கிய கையோடு பின்னால் போனாள். வழியில் தெரிந்தவர் ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்தி, "என்ன சார் இந்தப் பக்கம்?" என்று கேட்டதற்கு, "சும்மாதான்," என்றார். சும்மாதான்! கோபமென்றால் கத்துவார், கத்தினால் பதில் சொல்லிவிடலாம், நாற்பத்தொரு வருஷத்துப் பதில்கள் தயாராக இருக்கின்றன, இதற்கு ஒன்றும் இல்லை. இட்லி வந்தது. நான்கு, தலைக்கு இரண்டு. பன்னிரண்டு மணி நேரம் கனவு கண்ட இட்லி, தொண்டையில் பஞ்சாக இறங்கியது. சட்னியில் கறிவேப்பிலை கிடந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தார்கள். அவருடைய மீசை ஓரம் துடித்தது, சிரிப்பா அழுகையா என்று கண்டுபிடிப்பதற்குள் கையால் மறைத்துக்கொண்டுவிட்டார். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, அவருக்கு இருப்பதாகவே அவள் நினைத்திராத ஒரு சின்னக் குரலில், "ஏன் சொல்லல?" என்றார். "சொன்னா பி பிளாக் முழுக்க எங்களுக்குக் கால் வலின்னு சொல்லுவீங்க." அவர் மறுக்கவில்லை. இட்லியை விண்டு, தின்னாமல் சாம்பாரில் தோய்த்துத் தோய்த்துக் கரைத்தார். ஆமாம், சொல்லுவேன், என்பதுபோல் தலை ஆடியது. பயம். அவள் இவ்வளவு நாள் அது சத்தம் என்று நினைத்திருந்தாள். எங்களுக்கு எங்களுக்கு என்று அந்த மனுஷன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது, பாதியைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டால் அவளுக்குப் பாரம் குறையும் என்றா, சொல்லிக்கொண்டே இருந்தால் ஒன்றும் ஆகாது என்றா. கேட்டால் அவருக்கே தெரியாது.

"இப்ப வலிக்குதா?" என்றார்.

"இப்ப இல்ல. படி இறங்கறப்ப."

"எந்தக் கால்?"

"ரெண்டும்."

"எப்படி வலிக்குது?" கேட்டுவிட்டு, எங்கள் ஒர்க்ஷாப்பில் ஒருத்தனுக்கு இப்படித்தான் என்று ஆரம்பிப்பார், அவள் இட்லியை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளத் தயாரானாள். அவர் ஆரம்பிக்கவில்லை. இரண்டு கையையும் மேஜை மேல் வைத்துக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். கல்லில் தோசை ஊற்றுகிற சத்தம், யாரோ பில் கேட்கிற சத்தம், வெளியே டவுன் பஸ். அவர் காத்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு இடைவெளி அவளுக்குக் கிடைத்ததே இல்லை, எங்கிருந்து தொடங்குவது என்று உண்மையிலேயே தெரியவில்லை, தொடையிலிருந்தா, கல்யாணப் பந்தியில் தாடை வலித்ததிலிருந்தா, அதற்கும் முன்னாலிருந்தா.

"கொஞ்சம் நேரமாகும்," என்றாள்.

"ஆகட்டும்."

"அப்ப ரெண்டு காப்பி சொல்லுங்க. சர்க்கரை இல்லாம."

சொன்னார். அவள் பஞ்சை எடுத்துத் தட்டோரம் வைத்துவிட்டு, கையை நீட்டி மடக்கிப் பார்த்துக்கொண்டு, பேச ஆரம்பித்தாள்.